மரக்கன்றோடு நின்றுவிடாதீர்கள், சட்டம் கேளுங்கள்: சமயத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சமயத் தலைவர்களுக்கும், கோயில், திருச்சபை, பள்ளிவாசல், விகாரை, குருத்வாரா என எந்தப் பெயரில் இயங்கினாலும் வழிபாட்டுத் தலங்களை நிர்வகிக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கையோடு இந்த மடலை எழுதுகிறேன். காலநிலை மாற்றத்துக்காகப் பிரார்த்தனை செய்தீர்கள், அறிக்கைகள் வெளியிட்டீர்கள், மரக்கன்றுகள் நட்டீர்கள். இனி சட்டம் கேளுங்கள். வளிமண்டலத்தைக் கெடுத்தவர்கள் அதற்கு ஈடு செலுத்த வேண்டும். கெடுதலை அனுபவிப்பவர்களுக்கு அந்த ஈடு உரிமையாகப் போய்ச் சேர வேண்டும். இதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை உங்கள் நாட்டுச் சட்டமன்றத்தின் வாசலில் போய் நின்று கேளுங்கள்.

நீங்கள் இதுவரை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 1986ஆம் ஆண்டிலேயே இத்தாலியின் அசிசி நகரில் பௌத்தம், கிறித்தவம், இந்து சமயம், இஸ்லாம், யூதம் ஆகிய ஐந்து சமயங்களின் பிரதிநிதிகள் கூடி, இயற்கையைக் காப்பது சமயக் கடமை என்று அறிவித்தார்கள். 1989இல் கான்ஸ்டான்டிநோபிள் மரபுவழித் திருச்சபையின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ், செப்டம்பர் முதல் நாளைப் படைப்புக்கான பிரார்த்தனை நாளாக்கினார். அவருக்குப் பின் வந்த பர்த்தலோமியோ 1997இல் இயற்கைக்கு இழைக்கும் குற்றம் பாவம் என்றே சொன்னார். 2015இல் பூமியைக் காக்க வலியுறுத்தும் போப் பிரான்சிஸின் சுற்றுமடல் வந்தது. அதே ஆண்டில் இஸ்தான்புல்லில் கூடிய இஸ்லாமிய அறிஞர்களின் பிரகடனம் வந்தது. இந்து, பௌத்த, யூதத் தலைவர்களும் தனித்தனியே அறிக்கை தந்தார்கள். ஐ.நா.வின் பாரிஸ் காலநிலை மாநாடு தொடங்கும் முன்பு, சமய நம்பிக்கையாளர்கள் திரட்டிய 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் ஐ.நா. அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன.

அசிசியில் கூடியபோது காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 347 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024இல் அது 424ஐ எட்டியது. அந்த ஆண்டுதான் பதிவேடுகளில் உள்ளவற்றிலேயே மிக வெப்பமான ஆண்டு; தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட உலகச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. அறிக்கைகளில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவற்றில் சில, படிக்கும்போது கண் கலங்க வைப்பவை. ஆனால் மீறினால் அபராதம் என்று சொல்லும் அதிகாரம் எந்த அறிக்கைக்கும் இல்லை. அந்த அதிகாரம் சட்டத்துக்கு மட்டும்தான் உண்டு.

வெள்ளம் வந்தால் முதலில் திறப்பது உங்கள் கதவுதான். அரசு அதிகாரி படகோடு வந்து சேர்வதற்குள் வழிபாட்டுக் கூடத்தில் பாய் விரிக்கப்பட்டிருக்கும். பெரிய அண்டாவில் சோறு வெந்துகொண்டிருக்கும். யாரோ ஒரு பெண் நனைந்த குழந்தைகளுக்கு உலர்ந்த துணி தேடிக்கொண்டிருப்பாள். எந்தச் சமயத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் பணியை நான் மனமார வணங்குகிறேன். ஆனால் அடுத்த மழைக்கும் அதே குடும்பம் அதே பாயில் வந்து படுக்கிறது. மூன்றாவது முறை வரும்போது அந்த வீட்டின் கடன் இரட்டிப்பாகியிருக்கிறது, மூத்த பிள்ளை படிப்பை நிறுத்தியிருக்கிறான். நாம் மறுபடியும் சோறு போடுகிறோம். அவர்களை மூழ்கடித்த வெள்ளத்துக்குக் காரணமானவர்களிடம் கணக்குக் கேட்கும் வேலையை யாரும் செய்வதில்லை.

பாகிஸ்தானில் 2022இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வெள்ளத்தில் 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 3 கோடியே 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். சேதமும் இழப்பும் சேர்த்து 3,000 கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டது. உலகின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் அந்த நாட்டின் பங்கு ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு. அதே ஆண்டு எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், இத்தகைய நாடுகளுக்கு உதவ இழப்பு மற்றும் சேத நிதி ஒன்றை ஏற்படுத்த முடிவானது. அடுத்த ஆண்டு துபாயில் அதற்குப் பணக்கார நாடுகள் வாக்களித்த தொகை ஏறக்குறைய 70 கோடி டாலர். ஒரே நாட்டின் ஒரே வெள்ளத்துக்கு 3,000 கோடி. உலகம் முழுமைக்கும் 70 கோடி! அதுவும் தானாக முன்வந்து தருவதாகச் சொன்ன தொகை. கொடுக்காவிட்டால் கேட்க நாதியில்லை.

தருமமும் நீதியும் ஒன்றல்ல என்பதை உங்கள் மறைநூல்களே எங்களுக்குக் கற்றுத் தந்தன. இஸ்லாத்தில் ஸகாத் என்பது செல்வர் மனம் இரங்கிப் போடும் பிச்சை இல்லை. அந்தச் செல்வத்தில் ஏழைக்கு உள்ள உரிமை. எபிரேய மறைநூல் 50ஆம் ஆண்டை விடுதலை ஆண்டாக வைத்தது: விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும், அடிமைப்பட்டவர் வீடு திரும்ப வேண்டும். அது அந்தச் சமூகத்தின் சட்டமாகவே எழுதப்பட்டது. பௌத்தத்தைத் தழுவிய அசோகர் தம் தூண் கல்வெட்டில் எந்தெந்த உயிரினங்களைக் கொல்லக் கூடாது என்று பட்டியல் போட்டு, காடுகளைக் காரணமின்றிக் கொளுத்தக் கூடாது என்றும் ஆணையிட்டார். ஏறத்தாழ 2,260 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மனத்தில் ஏற்பட்ட சமய மாற்றம் அரசாணையாகக் கல்லில் ஏறியிருக்கிறது. ராஜஸ்தானின் கேஜர்லி ஊரில் 1730இல் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்று பிஷ்னோய் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த 363 பேர் உயிர்விட்டதைப் பலரும் சொல்கிறோம். அதற்குப் பிறகு ஜோத்பூர் மன்னர் பிஷ்னோய் ஊர்களில் மரம் வெட்டத் தடை விதித்தார் என்ற பின்பாதியை ஏனோ அழுத்திச் சொல்வதில்லை. எஞ்சிய மரங்களைக் காத்தது அந்த ஆணைதான்.

சட்டத்துக்காகச் சமயத்தவர் போராடி வென்ற கதைகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடிமை வணிக ஒழிப்பு. அதை முழுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் வெற்றியும் இருக்கிறது, மோசமான ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. 1783இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அடிமை வணிகத்தை எதிர்த்து மனுக் கொடுத்தவர்கள் குவேக்கர்கள் என்ற சிறிய கிறித்தவப் பிரிவினர். 1787இல் லண்டனில் ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடி ஒழிப்புச் சங்கம் தொடங்கினார்கள். அவர்களில் ஒன்பது பேர் குவேக்கர்கள். ஊர் ஊராகப் போனார்கள், அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையை வாங்காதீர்கள் என்றார்கள். 1792இல் மட்டும் 519 மனுக்கள் நாடாளுமன்றத்துக்கு வந்து குவிந்தன. 1807இல் வணிகம் தடை செய்யப்பட்டது, 1833இல் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் வந்தது.

வந்த சட்டத்தில் என்ன இருந்தது? இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு இருந்தது. அந்தப் பணம் முழுவதும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்குப் போனது. அடிமைப்பட்டவர்களுக்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை. பார்படாஸ் தீவில் தோட்டங்களையும் அடிமைகளையும் சொத்தாக வைத்திருந்த ஒரு நற்செய்தி பரப்பும் சங்கமும், இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்ததுதான், தன் பங்குக்கு 8,823 பவுண்டு பெற்றுக்கொண்டது. அந்த இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் மக்கள் வரிப்பணத்திலிருந்து அடைத்து முடித்தது 2015இல்தான். நீங்கள் எல்லோரும் காலநிலைக்காக அறிக்கை வெளியிட்டீர்களே, அதே ஆண்டு.

இதனால்தான் சட்டம் வேண்டும் என்று மட்டும் கேட்டு நின்றுவிடக் கூடாது என்கிறேன். காலநிலைச் சட்டம் என்ற பெயரில் வருவதெல்லாம் நீதியாகிவிடாது. நிலக்கரி நிறுவனங்களுக்கு மூடுவிழா இழப்பீடு கொடுத்துவிட்டு, சுரங்கத்தில் நுரையீரல் கெட்ட தொழிலாளியை வெறுங்கையோடு அனுப்பும் சட்டமும் வரலாம். எரிபொருள் வரியை ஏற்றி, அதன் பாரத்தைப் பஸ் வசதி இல்லாத ஊரில் வேலைக்கு வண்டி ஓட்டிப் போகும் ஏழையின் தலையில் வைக்கும் சட்டமும் வரலாம். பிரான்ஸில் 2018இல் மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடித்தது இப்படித்தான். கடைசியில் அரசு அந்த வரி உயர்வைக் கைவிட்டது. பொருளாதார நிபுணர்கள் போட்ட கணக்கில் சாலையோரத்து மனிதன் விடுபட்டுப் போனான். அவனை உங்களுக்குத் தெரியும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் மருந்து தீர்ந்துவிட்டது என்று வாரந்தோறும் அறிந்திருப்பவர்கள் நீங்கள். மசோதாவின் ஒவ்வொரு பிரிவையும் அந்த வீடுகளின் கண்ணோடு படிக்க உங்களைவிடத் தகுதியானவர் யார்?

அப்படிப் படிக்கும்போது என்ன தேட வேண்டும் என்று என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன். முதலில், பணம் யார் தருகிறார் என்று பாருங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2024 மே மாதத்தில் ஒரு சட்டம் இயற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநிலமும் அதைப் பின்பற்றியது. கடந்த பல ஆண்டுகளில் 100 கோடி டன்னுக்கு மேல் பசுங்குடில் வாயு வெளியேறக் காரணமான எரிபொருள் நிறுவனங்கள், காலநிலைச் சேதத்தைச் சமாளிக்கும் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது இந்தச் சட்டங்களின் சாரம். நியூயார்க் சட்டம் 25 ஆண்டுகளில் 7,500 கோடி டாலர் திரட்டுவதை இலக்காக வைத்திருக்கிறது. கெடுத்தவரே துடைக்க வேண்டும் என்ற எளிய நியாயம் சட்டப் புத்தகத்தில் ஏறியது. அதற்குக் குரல் கொடுத்தவர்களில் சமய அமைப்புகளும் இருந்தன. இரண்டு சட்டங்களையும் எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. அதனால்தான் இப்போது துணை தேவைப்படுகிறது.

அடுத்து, திரளும் பணம் யாருக்குப் போகிறது, அதை முடிவு செய்யும் குழுவில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இடம் உண்டா என்று பாருங்கள். சுரங்கத் தொழிலாளிக்கும் அனல் மின் நிலைய ஊழியருக்கும் மாற்று வேலையும் அதுவரை ஊதியமும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அரசு தன் இலக்கை மீறினால் ஒரு சாதாரணக் குடிமகள் நீதிமன்றம் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால் முன்னால் சொன்ன எல்லாமே காகிதத்தில்தான் இருக்கும்.

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் இம்மராத் என்று ஓர் ஊர் இருந்தது. அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட புனித லம்பெர்ட் ஆலயம், அவ்வளவு சிறிய ஊருக்குச் சற்றும் பொருந்தாத பிரமாண்டம். இரட்டைக் கோபுரங்கள் வயல்வெளியில் வெகுதொலைவிலிருந்தே தெரியும். மக்கள் அதைப் பேராலயம் என்றே அழைத்தார்கள். ஊருக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. குடும்பங்கள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன. கல்லறைகள் தோண்டப்பட்டு இறந்தவர்களும் கூடவே போனார்கள். 2013இல் கடைசித் திருப்பலி நடந்தது. 2018 ஜனவரியில் இயந்திரங்கள் வந்து இரண்டே நாளில் ஆலயத்தைத் தரைமட்டமாக்கின. எல்லாம் சட்டப்படியே நடந்தது. அதுதான் என்னை உறுத்துகிறது. அங்கே கூடி ஜெபித்தவர்களின் நம்பிக்கைக்கு எந்தக் குறையும் இல்லை. சட்டம் நிலக்கரியின் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

2020இல் அந்த நாடு நிலக்கரி மின்சாரத்தை 2038க்குள் முடிவுக்குக் கொண்டுவரும் சட்டத்தை இயற்றியது. சுரங்கப் பகுதிகளின் மறுவாழ்வுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. 2022இல் அந்தப் பகுதிக்கு மட்டும் காலக்கெடுவை 2038இலிருந்து 2030க்கு முன்கொண்டுவந்தார்கள். அதே சுரங்கத்தின் விளிம்பில் இடிபடக் காத்திருந்த கையன்பெர்க் உட்பட ஐந்து ஊர்கள் தப்பின. அந்தப் போராட்டத்தில் கிறித்தவர்கள் சுரங்க விளிம்பில் வழிபாடு நடத்தினார்கள், சிலுவை சுமந்து நடந்தார்கள். லுட்செராத் என்ற குக்கிராமத்தை மட்டும் அதே ஒப்பந்தம் பலி கொடுத்தது. 2023 ஜனவரியில் போலீஸ் வந்து போராடியவர்களை அப்புறப்படுத்தியது. முழு வெற்றி என்று இதை நான் சொல்லமாட்டேன். ஆனால் இம்மராத்துக்குக் கிடைக்காத ஒன்று கையன்பெர்க்குக்குக் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே மாறியது சட்டம்.

உங்களில் சிலர் கேட்பது என் காதில் விழுகிறது: சமயம் அரசியலில் தலையிடலாமா? கட்சிக்கு ஓட்டுக் கேட்பதைச் சொன்னால், கூடவே கூடாது என்பதுதான் என் கருத்தும். எந்த வேட்பாளருக்கும் பீடத்திலிருந்து ஆசி வேண்டாம். ஒரு மசோதாவை ஆதரிப்பது அப்படிப்பட்டதன்று. எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் ஆதரிக்கலாம், எந்தக் கட்சி நீர்த்துப்போகச் செய்தாலும் எதிர்க்கலாம். 1998 மே 16ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்காமில் பணக்கார நாடுகளின் தலைவர்கள் மாநாட்டுக்காகக் கூடியிருந்த நேரம், ஏழை நாடுகளின் கடனை ரத்து செய்யக் கோரி ஏறக்குறைய 70,000 பேர் நகரைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். எபிரேய மறைநூலில் ஜூபிலி எனப்படும் அந்த விடுதலை ஆண்டின் பெயரைத் தாங்கிய இயக்கம் அது. பேருந்து பேருந்தாக வந்தவர்களில் பெரும்பகுதியினர் சாதாரணத் திருச்சபை மக்கள். தலைவர்கள் அன்று ஊருக்கு வெளியே ஒரு மாளிகையில் இருந்தார்கள். பிரதமர் டோனி பிளேர் திரும்பி வந்து இயக்கத்தாரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் கொலோன் மாநாட்டில் கடன் நிவாரணம் விரிவானது. எந்தக் கட்சியின் கொடியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

மௌனமும் நடுநிலை ஆகிவிடாது. எரிபொருள் நிறுவனங்களின் பிரதிநிதிகள் ஒவ்வொரு காலநிலை மாநாட்டுக்கும் வருகிறார்கள், சட்டமன்றக் குழுக்களுக்கும் வருகிறார்கள், கையில் திருத்த வாசகத்தை எழுதிக்கொண்டே வருகிறார்கள். எதிர்நாற்காலி காலியாக இருந்தால் அந்த வாசகம்தான் சட்டமாகும். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஏதேனும் ஒரு சமயத்தைச் சேர்ந்தவர்கள். இத்தனை பேரை ஓரிடத்தில் வாரந்தோறும் கூட்டி வைத்திருக்கும் வேறு அமைப்பு உலகத்தில் இல்லை.

போகும் முன் உங்கள் கணக்குப் புத்தகத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அறக்கட்டளை நிதி, ஓய்வூதிய நிதி, காணிக்கை வைப்பு எல்லாம் எங்கே முதலீடாகியிருக்கின்றன? உலகத் திருச்சபைகள் மன்றம் 2014லேயே புதைபடிவ எரிபொருளில் முதலீடு இல்லை என்று முடிவெடுத்தது. இங்கிலாந்துத் திருச்சபை பல ஆண்டுகள் எண்ணெய் நிறுவனங்களில் பங்குதாரராக இருந்தபடியே அவற்றைத் திருத்தப் பார்த்தது. அவை திருந்தவில்லை என்று கண்டு 2023இல் வெளியேற முடிவு செய்தது. பார்படாஸில் 8,823 பவுண்டு வாங்கிய தழும்பை இன்றும் தாங்கும் திருச்சபை அது. எண்ணெய்ப் பங்குகளின் லாபத்தில் விளக்கேற்றிக்கொண்டு சட்டமன்றக் குழுவின் முன் போய் அமர்ந்தால், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

அதேபோல, தனித்தனியாகப் போகாதீர்கள். ஒரு சமயம் மட்டும் போய் நின்றால் அது தனக்குச் சலுகை கேட்க வந்ததாகவே பார்க்கப்படும். வேறு வேறு கடவுளை வணங்குகிறவர்கள் ஒரே மசோதாவின் பிரதியை ஏந்தி வரும்போது அந்தச் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. மறுமை பற்றிய உங்கள் விவாதங்கள் அப்படியே இருக்கட்டும், அவற்றை யாரும் விடச் சொல்லவில்லை.

நேரமும் கூடி வந்திருக்கிறது. 2019இல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள் ஒரு வகுப்பறையில் தொடங்கிய முயற்சியை வனுவாட்டு என்ற சிறு நாடு ஐ.நா. பொதுச்சபைக்கு எடுத்துச் சென்றது. 2025 ஜூலை 23ஆம் தேதி சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாகத் தன் கருத்துரையை வழங்கியது: காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டபூர்வமான கடமை, தவறினால் அது சட்டமீறல், ஈடு செய்யும் பொறுப்பும் வரலாம். அந்தக் கருத்துரை தானாக எந்த நாட்டின் சட்டமாகவும் மாறாது. ஒவ்வொரு நாட்டிலும் யாராவது அதை எடுத்துச் சென்று, இதன்படி நம் சட்டத்தை எழுதுங்கள் என்று கேட்க வேண்டும்.

அந்த யாராவது நீங்களாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நாட்டில் காலநிலை மசோதா ஏதும் நிலுவையில் இருந்தால், அதன் நகலை இந்த வாரமே வரவழையுங்கள். அடுத்த வழிபாட்டுக் கூட்டத்தில் அதன் முக்கியப் பிரிவுகளை மக்கள் மொழியில் வாசித்து விளக்கச் சொல்லுங்கள். உங்கள் சபையில் வழக்கறிஞர் இருப்பார், ஆசிரியர் இருப்பார், வெள்ளத்தில் வீடிழந்தவர் இருப்பார். மூவரையும் ஒரே குழுவில் அமர்த்துங்கள். பக்கத்து வழிபாட்டுத் தலத்துக்கு ஆளனுப்புங்கள். உங்கள் பகுதி உறுப்பினரிடம் நாள் குறித்து நேரில் போங்கள். போகும்போது வீடிழந்தவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள், முதலில் அவரைப் பேசவிடுங்கள். மசோதாவே இல்லாத நாட்டில் இருக்கிறீர்கள் என்றால், அதை எழுதச் சொல்லிக் கேட்கும் முதல் மனு உங்களுடையதாக இருக்கட்டும்.

மிகுந்த மரியாதையுடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் சபைகளில் ஒன்றில் கடைசி வரிசையில் அமரும் ஒரு வழிபாட்டாளர்